சிக்னல் போட்டுவிட்டான்

தமிழில் சில வாக்கியங்களுக்கு எழுவாய் கிடையாது. ஆனால் வினைமுற்று மட்டும் எங்கிருந்தோ ஓர் ஆளைப் பிடித்து வந்து நம் முன்னால் நிறுத்திவிடும். "கரெண்டை நிறுத்திட்டான்", "தண்ணி விட்டுட்டான்", "விலையை ஏத்திட்டான்" என்கிறோம். யார் அந்த 'அவன்' என்று ஒருவரும் கேட்பதில்லை. நமக்குச் சௌகரியம் செய்கிறவனும் அவன்தான். தொந்தரவு கொடுக்கிறவனும் அவன்தான். இந்த வரிசையில் சேர்ந்ததுதான் "சிக்னல் போட்டுட்டான்" என்பதும். நாற்சந்தியில் சிவப்பு விளக்கு எரிந்தால் சென்னைவாசி சொல்வது இதைத்தான். பச்சை எரிந்தால், "விட்டுட்டான்!" ஆபீசுக்குத் தாமதமாக வந்தவர், "சிக்னல்ல மாட்டிக்கிட்டேன் சார்" என்கிறார். மஞ்சளிலோ சிவப்பிலோ புகுந்து வந்தவர், "நல்லவேளை, தப்பிச்சேன்" என்கிறார்.

மாட்டிக்கொள்வது, தப்பிப்பது, போடுவது, விடுவது - எலிப்பொறிக்கும் எலிக்கும் உரிய சொற்கள் இவை. கதை எழுதுகிறவனுக்கு ஒரு கெட்ட வழக்கம் உண்டு. ஒருவர் தம்மைப் பற்றிச் சொல்லும் விளக்கத்தைவிட, அவர் வாயில் தாமாக வந்து விழும் சொல்லைத்தான் அவன் அதிகம் நம்புவான். "சட்டத்தை மதிக்கிறேன், ஆனால் அவசரம்" என்று ஒருவர் சொன்னால் அது விளக்கம். "தப்பிச்சேன்" என்பது உண்மை. சிவப்பு விளக்கு தமக்கு வைத்த பொறி என்றுதான் அவர் நினைக்கிறார். பொறியிலிருந்து தப்புவது பாவமா என்ன? அது சாமர்த்தியம்.

ஜனங்களுக்குப் படிப்பு போதவில்லை, விதிகள் தெரியவில்லை, பள்ளிக்கூடத்திலேயே சொல்லிக் கொடுக்க வேண்டும் என்று வருஷா வருஷம் சாலைப் பாதுகாப்பு வாரத்தில் பேசுகிறார்கள். எனக்கு இதில் நம்பிக்கை இல்லை. சிவப்பென்றால் நில், பச்சையென்றால் செல் என்பது எல்.கே.ஜி. குழந்தைக்குத் தெரியும். ஸ்கூட்டரின் முன்னால் நின்றுகொண்டு வருகிற அந்தக் குழந்தையே, "அப்பா, ரெட்டு, ரெட்டு!" என்று கத்துகிறது. அப்பாதான் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, "போலீஸ் இல்லடா கண்ணா" என்று ஒரு முறுக்கு முறுக்கிக் கிளம்புகிறார். தெரியாமை இல்லை இது. சிவப்பு விளக்கு என்பது தமக்கும் சர்க்காருக்கும் நடுவே உள்ள ஒரு விவகாரம் என்று அவர் அபிப்பிராயப்படுகிறார். சர்க்கார் அந்த நேரத்தில் பார்க்கவில்லையென்றால் விவகாரமும் இல்லை. விவகாரத்தில் மூன்றாவதாக ஒருவர் இருக்கிறார் என்பது அவர் கணக்கில் வருவதே இல்லை.

விளக்கு பிறந்த கதையைப் பார்த்தால் அந்த மூன்றாவது ஆள் யாரென்று தெரியும். உலகத்தின் முதல் போக்குவரத்து விளக்கு 1868-ம் ஆண்டு டிசம்பர் மாதம் லண்டனில், பார்லிமெண்டுக்கு வெளியே வைக்கப்பட்டது. அப்போது மோட்டாரே கிடையாது, குதிரை வண்டிகள்தாம். வண்டிகள் இப்படியும் அப்படியும் விரைந்தால் நடந்து போகிறவர்கள் எப்படித்தான் தெருவைக் கடப்பது என்ற கேள்வி எழுந்தது. ஜே. பி. நைட் என்ற ரயில்வே என்ஜினீயர் தமக்குத் தெரிந்த வித்தையையே வீதிக்குக் கொண்டுவந்தார். பகலில் ரயில்வே கைகாட்டி. இரவில் சிவப்பும் பச்சையுமாக காஸ் விளக்கு. பக்கத்திலே நின்று அதை இயக்க ஒரு போலீஸ்காரர். 1869-ம் ஆண்டு ஜனவரி பிறந்ததுமே காஸ் கசிந்து விளக்கு வெடித்துவிட்டது. காயப்பட்டவர் அந்தப் போலீஸ்காரர். போக்குவரத்துப் போலீசாரின் துரதிருஷ்டம் அன்றைக்கே ஆரம்பமாகியிருக்கிறது! பிறகு விளக்கையே அகற்றிவிட்டார்கள். மின்சார விளக்கு, அமெரிக்காவில் கிளீவ்லாந்து நகரத்தில் 1914-ம் ஆண்டு வந்தது. நடுவில் மஞ்சளைச் சேர்த்து நாலு பக்கமும் காட்டும் விளக்கை 1920-ல் டெட்ராய்ட் நகரத்துப் போலீஸ்காரர் வில்லியம் பாட்ஸ் என்பவர் அமைத்தார்.

ரயில்வேயிலிருந்து விளக்கை மட்டும் எடுத்துக்கொண்டோம். ரயில்வேயின் மனசை எடுத்துக்கொள்ளவில்லை. அரக்கோணத்துக்கு வெளியே ரயில் அரைமணி நேரம் நின்றால் நாம் முணுமுணுக்கிறோம், முறுக்கு வாங்கித் தின்கிறோம், ரயில்வே மந்திரி வரைக்கும் திட்டுகிறோம். ஆனால், "டிரைவர் கொஞ்சம் பார்த்து ஓரமா எடுத்துட்டுப் போயிருக்கலாம்" என்று எந்தப் பிரயாணியாவது சொல்லிக் கேட்டதுண்டா? சிவப்பைத் தாண்டிவிட்ட ரயில் டிரைவருக்கு வேலையே பறிபோகலாம். அது நியாயம் என்றுதான் நாமும் நினைக்கிறோம். ஏனென்றால் அப்போது நாம் ரயிலுக்குள்ளே உட்கார்ந்திருக்கிறோம். ஸ்டேஷனை விட்டு வெளியே வந்து மோட்டார் சைக்கிளில் ஏறினதும் அதே சிவப்பு வேறு அர்த்தம் கொள்கிறது.

மஞ்சளைப் பற்றி இங்கே கொஞ்சம் விரிவாகவே பேச வேண்டும். சிவப்பைத் தாண்டியவர்கள் சொல்லும் சமாதானங்களில் கேட்கத் தகுந்த சமாதானம் ஒன்றே ஒன்று உண்டு. அது மஞ்சளைப் பற்றியது. "கிட்டே வந்தப்புறம் மஞ்சள் விழுந்தது சார். நிறுத்தவும் முடியலே, போகவும் முடியலே." இது பொய்யல்ல. ஜெனரல் மோட்டார்ஸ் ஆராய்ச்சிக்கூடத்தில் இருந்த காஸிஸ், ஹெர்மன், மாரடுடின் என்ற மூவர் இதைப் பற்றியே 1960-ம் ஆண்டு ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். (இவர்களில் ஹெர்மன் சாமானியப்பட்டவர் அல்ல. பிரபஞ்சம் பிறந்தபோது எழுந்த வெப்பத்தில் எவ்வளவு இன்னும் மிச்சம் இருக்கும் என்று 1948-லேயே கணக்கிட்ட இருவரில் ஒருவர். அண்டத்தை அளந்தவருக்கு அடுத்தபடியாக மஞ்சள் விளக்குத்தான் புதிராகப் பட்டிருக்கிறது.)

அவர்களுடைய கணக்கு எளிது. மஞ்சள் 3 விநாடி எரிவதாக வைத்துக்கொள்வோம். கண் பார்த்து, மனசுக்கு எட்டி, கால் பிரேக்குக்குப் போக ஒரு விநாடி. பிறகு வண்டி நிதானமாக வேகம் குறைந்து நிற்க வேண்டும். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வருகிற கார் இப்படி நிற்பதற்கு ஏறக்குறைய 63 மீட்டர் வேண்டும். அதே வேகத்தில் நிற்காமல் போனால் 3 விநாடியில் அது போகக்கூடியது 50 மீட்டர். ஆக, கோட்டுக்கு 50 மீட்டருக்கும் 63 மீட்டருக்கும் நடுவில் அகப்பட்டவர் பாடு திண்டாட்டந்தான். நிற்க முயன்றால் கோட்டைத் தாண்டித்தான் நிற்பார். போக முயன்றால் சிவப்பில்தான் நுழைவார். அந்த 13 மீட்டருக்குள் இருக்கிறவரை நான் குற்றம் சொல்ல மாட்டேன். அவ்வளவு வேகமாக வண்டிகள் வருகிற சாலையில் மஞ்சளை 3 விநாடிக்கு வைத்த என்ஜினீயரைத்தான் சொல்வேன்.

அதே கணக்கை மணிக்கு 40 கிலோமீட்டருக்குப் போட்டுப் பாருங்கள். நிற்க 32 மீட்டர் வேண்டும். 3 விநாடியில் போகக்கூடியது 33 மீட்டர். திண்டாட்டம் அடியோடு மறைந்துவிடுகிறது! எங்கே இருந்தாலும், ஒன்று நிற்கலாம், இல்லை போய்விடலாம். நமது நகரத்தின் சந்திகளில், காலை ஒன்பதரை மணிக்கு, 40 கிலோமீட்டர் வேகத்தில் போகிற பாக்கியம் யாருக்குக் கிடைக்கிறது? ஆகவே மஞ்சளைச் சாட்சிக்குக் கூப்பிடுகிற பெரும்பாலோர் பொய்ச்சாட்சிக்குத்தான் கூப்பிடுகிறார்கள். அவர்கள் மஞ்சளைப் பார்த்தபோது நடந்தது வேறு. கால் பிரேக்குக்குப் போகவில்லை. கை ஆக்ஸிலேட்டரை முறுக்கியது. மஞ்சளுக்கு நம் ஊரில் அர்த்தம், 'சீக்கிரம் வா, கதவைச் சாத்தப் போகிறேன்' என்பது.

இது சிவப்பின் தலைப்பக்கத்தில் நடக்கிற திருட்டு. வால்பக்கத்தில் இன்னொன்று நடக்கிறது. விளக்குக்குப் பக்கத்தில் எண்கள் இறங்கிக்கொண்டு வரும் பலகை வைத்திருக்கிறார்களே, நிற்பவர்களுக்கு எவ்வளவு நேரம் மிச்சம் என்று தெரியட்டும் என்று நல்ல எண்ணத்தில்தான் வைத்தார்கள். எண் பத்துக்கு வந்ததும் எஞ்சின்கள் உறுமத் தொடங்குகின்றன. ஏழில் முன்சக்கரங்கள் வெள்ளைக் கோட்டைத் தாண்டுகின்றன. ஐந்தில் பாதி ஜனம் சந்தியின் நடுவே. மூன்று என்று காட்டும்போது பின்னால் இருப்பவர் ஹாரன் அடிக்கிறார். சிவப்பு இன்னும் எரிந்துகொண்டிருக்கிறது, முன்னால் நிற்கிற மனிதர் சட்டப்படி நிற்கிறார், ஹாரனோ அவருக்குத்தான். "என்ன சார், தூங்கறீங்களா?"

ஒரு பக்கத்துச் சிவப்புக்கும் மறுபக்கத்துப் பச்சைக்கும் நடுவே, எல்லாப் பக்கமும் சிவப்பாக ஓரிரண்டு விநாடி விடுவது உண்டு. சந்திக்குள் ஏற்கெனவே நுழைந்துவிட்ட வண்டி வெளியேறுவதற்காக வைத்த அவகாசம் அது. தெற்கேயிருந்து வருகிறவர் அதில் முதல் விநாடியை எடுத்துக்கொள்கிறார். மேற்கேயிருந்து வருகிறவர் கடைசி விநாடியை எடுத்துக்கொள்கிறார். இருவருமே சாமர்த்தியசாலிகள். இரண்டு சாமர்த்தியங்களும் சந்தியின் நடுவில் சந்தித்துக்கொள்கின்றன.

இனி சைக்கிள்காரரைப் பற்றி. கார் வைத்திருக்கிற என் நண்பர் ஒருவர் இந்த விஷயத்தை எடுத்தாலே சிவந்துவிடுவார். "சார், நீங்க எங்களை மட்டும் சொல்லாதீங்க. சைக்கிள்காரன் என்னிக்காவது சிக்னல்ல நின்னு பார்த்திருக்கீங்களா? லைசென்ஸ் கிடையாது, நம்பர் கிடையாது, காமிராவுக்கும் பயமில்லே. அவனைக் கேட்க நாதியில்லே" என்பார். அவர் சொல்வதில் பாதி உண்மை. 1988-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டம், பெயருக்கேற்றபடி, மோட்டார் வைத்த வாகனத்தைப் பற்றியது. சைக்கிள் அதில் சேர்த்தி இல்லை. நம்பர் பலகையைப் படம் பிடிக்கிற காமிரா சைக்கிளைப் பார்த்து என்ன செய்யும்?

ஆனால் நண்பரின் கோபத்தில் ஒரு விகிதாசாரப் பிழை இருக்கிறது. ஆட்களோடு சேர்ந்து 1,000 கிலோ எடையுள்ள கார் 40 கிலோமீட்டர் வேகத்தில் ஒருவர்மீது மோதுவதையும், ஆளோடு சேர்ந்து 80 கிலோ எடையுள்ள சைக்கிள் 15 கிலோமீட்டர் வேகத்தில் மோதுவதையும் ஒப்பிட்டுப் பாருங்கள். காரில் இருக்கிற சக்தி சுமார் 90 மடங்கு. சைக்கிள்காரர் தவறு செய்தால் பெரும்பாலும் முதலில் விழுகிறவர் அவரே. கார்க்காரர் தவறு செய்தால் விழுகிறவர் வேறு யாரோ. இரண்டையும் 'சிக்னல் மீறல்' என்று ஒரே பெயரால் அழைக்கலாம். ஒரே தராசில் வைக்க முடியாது.

மற்ற தேசங்களில் இதை யோசித்திருக்கிறார்கள். அமெரிக்காவில் ஐடஹோ மாநிலம் 1982-ம் ஆண்டிலேயே சைக்கிள்காரர்களுக்குத் தனிச் சலுகை கொடுத்தது. இப்போது அங்கே சைக்கிளில் வருகிறவர் சிவப்பில் நின்று, இரண்டு பக்கமும் பார்த்து, யாரும் வராவிட்டால் போகலாம். பாரிஸ் நகரத்தில் 2015-ம் ஆண்டு முதல் பல சந்திகளில் சின்னதாக ஒரு முக்கோணப் பலகை வைத்து, சைக்கிள்களை மட்டும் சிவப்பிலும் வலப்பக்கம் திரும்ப விடுகிறார்கள். இரண்டு இடத்திலும் ஒரு நிபந்தனை: நடந்து கடக்கிறவருக்கு வழி விட்ட பிறகுதான். நம் ஊர்ச் சைக்கிள்காரரைக் கேட்டால் அவரும் ஒரு காரணம் சொல்வார். பச்சை விழுந்ததும் பின்னால் நிற்கிற பஸ்ஸும் லாரியும் ஒரே சமயத்தில் பாயும்; அதற்கு முன்னால் நாலு மிதி மிதித்துவிட்டால் உயிர் தப்பலாம் என்பார். அந்தப் பயம் நியாயமான பயம். ஆனால் அவரும் "தப்பிச்சேன்" என்றுதான் சொல்கிறார் என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும். சத்தமே இல்லாமல் வருகிற அவருடைய வண்டி, காது மந்தமான ஒரு கிழவியின் முழங்கையில் இடித்தால் அவளுக்கு விகிதாசாரக் கணக்கு சொல்லிக்கொண்டிருக்க முடியாது.

இந்த நாளில் சைக்கிள்காரரைவிட அதிகமாக வசவு வாங்குகிறவர்கள், முதுகில் பெட்டியைச் சுமந்துகொண்டு வீட்டுக்கு வீடு சாப்பாடு கொண்டு போகிற பையன்கள். நியாயமான வசவுதான், சிவப்பை அவர்கள் மதிக்கிற லட்சணம் ஊருக்கே தெரியும். ஆனால் அந்த வசவு எந்த இடத்திலிருந்து புறப்படுகிறது என்றும் பார்க்க வேண்டும். இரவு எட்டரை மணிக்கு இடியாப்பமும் குருமாவும் வேண்டுமென்று கைப்பேசியில் சொல்லிவிட்டு, ஒரு பொம்மை வண்டி வரைபடத்தில் ஊர்ந்து வருவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். பொம்மை ஒரு சந்தியில் நின்றுவிடுகிறது. "என்ன, அங்கேயே நிக்கிறான்?" என்று நாம் கேட்கிறோம். அங்கே சிவப்பு எரிகிறது, அதனால் நிற்கிறான். வரைபடத்தில் சிக்னல் விளக்கு நம் கண்ணுக்குப் படுவதில்லை. ஐந்து நிமிஷம் தாமதமானால் நட்சத்திரம் ஒன்றைக் குறைத்துப் போடுகிறோம். மறுநாள் அதே பையன் நம் காருக்கு முன்னால் சிவப்பில் குறுக்கே புகுந்தால், "எமன் மாதிரி வரான் பார்!"

நான் இவ்வளவு நேரம் வண்டியில் போகிறவர்களைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறேன். வண்டி இல்லாதவருக்காகத்தான் முதன்முதலில் விளக்கு வைத்தார்கள் என்று சொன்னேன் அல்லவா? அவர் இப்போது எங்கே இருக்கிறார்?

மயிலாப்பூர்ப் பக்கத்தில் ஒரு சந்தி. கடக்கிறவர்களுக்கென்று தனியாகப் பச்சை மனிதன் எரிகிற கம்பம் அங்கே உண்டு. கீரைக்கட்டும் பையுமாக ஓர் அம்மாள் நின்றுகொண்டிருந்தார். வயது எழுபதுக்குக் குறையாது. பச்சை மனிதன் எரிந்தான். அவர் நகரவில்லை. எண்கள் இறங்கி, அவன் சிவந்து போனான். மறுபடியும் எரிந்தான். அப்போதும் அவர் நகரவில்லை. இரண்டு முறையும், நிற்க வேண்டிய வண்டிகளில் நாலைந்து நிற்காமல் போயிற்று. இடது பக்கம் திரும்புகிறவர்களோ, பலகை இருந்தாலும் இல்லாவிட்டாலும் இடது பக்கம் எப்போதும் இலவசம் என்ற எண்ணத்தில் ஓயாமல் திரும்பிக்கொண்டிருந்தார்கள்.

"அம்மா, பச்சை விழுந்திருக்கே, வாங்களேன்" என்றேன்.

அவர் என்னைப் பார்த்த பார்வையில் கொஞ்சம் இரக்கம் இருந்தது. "தம்பி, அது வண்டிக்காரங்களுக்குப் போட்ட லைட்டுப்பா. நமக்கு இல்ல. நாலு பேரு சேரட்டும், போலாம்" என்றார்.

நாலு பேர் சேர்ந்தோம். ஒருவர் கையை நீட்டிக்கொண்டு முன்னால் நடந்தார். பழைய ரயில்வே கைகாட்டி மாதிரி அந்தக் கை நீட்டி நின்றது. அம்மாள் எங்கள் நடுவே, விளக்கு என்ன நிறத்தில் எரிகிறது என்று ஏறெடுத்தும் பார்க்காமல், சௌகரியமாகக் கடந்துவிட்டார்.

அந்த அம்மாள் சொன்னதைச் சட்டத்தின் கண்ணால் பார்த்தால் தவறு. தெருவின் கண்ணால் பார்த்தால் அதைவிடச் சரியான விமர்சனம் நான் படித்ததில்லை. நாம் மீறியது சர்க்காருடைய சட்டத்தை என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். உண்மையில் அந்த விளக்கை அவரிடமிருந்து பறித்துவிட்டோம். கம்பம் இருக்கிறது, மின்சாரம் ஓடுகிறது, பச்சை மனிதன் வேளை தவறாமல் எரிகிறான். அவனை நம்பிக் கால் எடுத்து வைக்க ஆள் இல்லை. 2022-ம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். அவர்களில் 32,825 பேர் நடந்து சென்றவர்கள். அந்த அம்மாளுக்கு இந்த எண்கள் தெரிந்திருக்க நியாயமில்லை. தெரிந்தவர் மாதிரிதான் நின்றார்.

சிவப்பைத் தாண்டியதால் நேர்ந்த விபத்துகள் அதே ஆண்டில் எவ்வளவு என்று மத்திய சர்க்காரின் கணக்கில் பார்த்தால் நாலாயிரத்துச் சொச்சம். மொத்த விபத்துகள் 4,61,312. நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை! "இதற்காகவா இவ்வளவு பெரிய கட்டுரை?" என்று நண்பர் கேட்பார். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் எண்களும் யாரோ எழுதிய வார்த்தைகளிலிருந்துதான் பிறக்கின்றன. விபத்து நடந்த அன்று போலீஸ் ஸ்டேஷனில் எழுதுகிற முதல் அறிக்கையைப் படித்திருக்கிறீர்களா? "அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி வந்து" என்ற தொடர் அதில் தவறாமல் இருக்கும். ஆங்கிலச் சட்டத்தின் வாசகத்தை என்றைக்கோ யாரோ மொழிபெயர்த்தார்கள். அன்றிலிருந்து லாரியானாலும் சரி, மொபெட்டானாலும் சரி, அதே தொடர். 2024-ம் ஆண்டு ஜூலை மாதம் பழைய தண்டனைச் சட்டம் போய்ப் புதிய சட்டம் வந்துவிட்டது, தொடர் போகவில்லை. கதாசிரியன் ஒருவன் எல்லாக் கதாநாயகிகளையும் 'மதிமுகம்' என்றே வர்ணித்தால் எந்தப் பெண்ணையும் அவன் பார்க்கவில்லை என்றுதானே அர்த்தம்? விளக்கு சிவப்பா, மஞ்சள் எத்தனை விநாடி, அடிபட்டவர் கோட்டின்மேல் நின்றாரா என்ற விவரமெல்லாம் அந்த இரண்டு அடைமொழிகளுக்குள் போய்ப் புதைந்துவிடுகின்றன. எத்தனை சிவப்பு விளக்குகள் 'அதிவேகம்' என்ற பெயரில் பதிவாகியிருக்கும் என்று யாரால் சொல்ல முடியும்?

எங்கள் தொழில்காரர்களும் இதில் சளைத்தவர்கள் அல்ல. தொடர்கதையில் இருபத்து மூன்றாவது அத்தியாயத்துக்கு மேல் ஒரு பாத்திரம் அநாவசியமாகிவிட்டால் உடனே ஒரு லாரியைக் கூப்பிடுகிறார்கள். லாரி எங்கிருந்து வந்தது, எந்த விளக்கைத் தாண்டியது, ஓட்டியவன் எத்தனை மணி நேரம் தூங்காமல் ஓட்டினான் என்ற கேள்வி கிடையாது. "விதி விளையாடிவிட்டது!" என்று ஓர் ஆச்சரியக்குறி போட்டு அடுத்த வாரத்துக்குப் போய்விடலாம். தமிழில் இது சுலபமாக முடிகிறது. தலையெழுத்துக்கும் விதி என்று பெயர். சாலையில் நடந்துகொள்ள வேண்டிய முறைக்கும் விதி என்றே பெயர். இரண்டாவது விதியை ஒருவன் மீறியதனால் நடந்ததை முதல் விதியின் கணக்கில் எழுதிவிட்டு, வாசகர்களையும் கண்ணைத் துடைத்துக்கொள்ளச் செய்துவிடுகிறோம். சினிமாவைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். கதாநாயகன் ஏழு சிவப்பு விளக்குகளைத் தாண்டிப் போவான். காய்கறி வண்டி கவிழும், பழங்கள் உருளும், கொட்டகை கை தட்டும். கவிழ்ந்த வண்டிக்காரனுக்கு வசனம் கிடையாது.

சரி, விளக்கே வேண்டாம் என்று ஒரு கட்சி இருக்கிறது. ஹாலந்து தேசத்தில் டிராக்டன் என்ற ஊரில், ஹான்ஸ் மாண்டர்மன் என்ற போக்குவரத்து என்ஜினீயரின் யோசனைப்படி, முக்கியமான சந்தி ஒன்றில் விளக்குகளை எடுத்துவிட்டுச் சதுக்கத்தையே மாற்றி அமைத்தார்கள். விளக்கைப் பார்ப்பதற்குப் பதிலாக ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு, நிதானமாக, விட்டுக்கொடுத்துப் போகிறார்கள். அருமையான விஷயம். இதை எனக்கு எடுத்துச் சொன்ன இளைஞர், "நம்ம ஊர்லயும் எடுத்துடலாம் சார், எப்படியும் யாரும் மதிக்கறதில்லே" என்று முடித்தார். வித்தியாசம் அவர் கண்ணில் படவில்லை. அங்கே விளக்கை எடுத்தது, முகத்தைப் பார்க்கட்டும் என்பதற்காக. இங்கே விளக்கு இருக்கும்போதே முகத்தைப் பார்க்காமல்தான் போகிறோம். கடக்கிறவர் கண்ணைச் சந்தித்துவிட்டால் நிறுத்த வேண்டி வருமே என்று நேரே பார்த்துக்கொண்டு போகிற ஸ்கூட்டர்க்காரர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

நடுநிசியில், ஒரு காக்கை குருவி இல்லாத சந்தியில், ஒற்றை ஆளாகச் சிவப்புக்கு முன்னால் நிற்பது மடத்தனம் இல்லையா என்றும் கேட்கிறார்கள். அந்த நேரத்துக்குத்தான் பல சந்திகளில் மஞ்சளை மட்டும் மினுக்மினுக்கென்று எரியவிடுகிறார்கள்; பார்த்துப் போ என்று அர்த்தம். ஆளில்லாத தெருவின் தர்மசங்கடத்தை என்ஜினீயர்கள் தீர்த்து வைத்தாயிற்று. நமது கேள்வி காலை ஒன்பதரை மணியைப் பற்றியது.

அபராதத்தை உயர்த்தினால் சரியாகிவிடும் என்பது மற்றொரு கட்சி. 2019-ம் வருஷத்துத் திருத்தத்தில் சிவப்பைத் தாண்டுவதை 'அபாயகரமாக ஓட்டுதல்' என்ற குற்றத்திலேயே சேர்த்தாயிற்று. முதல் தடவைக்கு ஆறு மாதத்திலிருந்து ஒரு வருஷம் வரைக்கும் சிறை, அல்லது 1,000 ரூபாயிலிருந்து 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே என்று புத்தகத்தில் இருக்கிறது. காமிராக்களும் வந்துவிட்டன, வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்கு முன்னாலேயே கைப்பேசியில் அபராதச் சீட்டு வந்து நிற்கிறது. பலன் உண்டு, இல்லையென்று சொல்லவில்லை. எந்தச் சந்தியில் காமிரா இருக்கிறதோ அந்தச் சந்தியில் வெள்ளைக் கோட்டுக்கு ஒரு கெஜம் பின்னாலேயே பவ்யமாக நிற்கிறார்கள். அடுத்த சந்தியில் காமிரா இல்லை. அங்கே பழைய கதைதான். போலீஸ்காரரின் இடத்தில் காமிரா வந்து உட்கார்ந்திருக்கிறது. கீரைக்கட்டு அம்மாள் இன்னும் கணக்கில் வரவில்லை.

கண்ணுக்குத் தெரியாத ஒரு மனிதரை நினைத்துப் பார்க்கிற சக்தி நம்மவர்களுக்கு இல்லவே இல்லை என்று சொல்லவும் என்னால் முடியவில்லை. அண்ணா சாலையில், நெரிசல் உச்சத்தில், தூரத்தில் ஆம்புலன்ஸின் ஓலம் கேட்கட்டும். உள்ளே படுத்திருப்பது யார், என்ன ஜாதி, எந்த ஊர், பிழைப்பாரா மாட்டாரா, யாருக்குத் தெரியும்? ஆனால் பஸ் டிரைவர் எட்டிப் பார்க்கிறார்; ஆட்டோக்காரர் இறங்கி ஓடி வந்து, "ஒதுங்கு, ஒதுங்கு, தள்ளிப் போடும்மா வண்டியை!" என்று கூவுகிறார், சற்று முன்பு ஹாரன் அடித்துச் சண்டை போட்டுக்கொண்டிருந்த இருவர் சேர்ந்து ஒரு காரைப் பின்னுக்குத் தள்ளுகிறார்கள். இடம் இல்லவே இல்லாத தெருவில் ஆம்புலன்ஸ் போகிற அளவுக்கு ஒரு சந்து பிறக்கிறது. வெள்ளை வண்டி சிவப்பு விளக்கைக் கடந்து போகிறது. எல்லோரும் அது போகிற திசையையே ஒரு கணம் பார்க்கிறார்கள். சில பேர் கன்னத்தில் போட்டுக்கொள்கிறார்கள்.

அதன் வாலைப் பிடித்துக்கொண்டே, திறந்த சந்து மூடுவதற்குள், மோட்டார் சைக்கிள்கள் இரண்டும் ஒரு காரும் போகின்றன.